வெளுத்த மூக்குத்தி

நான் பேய்க்கதை எழுதுகிறவள். வாரப் பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள் என்று ஒரு காலத்தில் கேள்வி. கிழித்த பக்கத்தை அவர்களே அடுப்படியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்பதும் கேள்விதான். கல்யாண வீடுகளில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்களுக்குப் பயமே கிடையாதா என்று கேட்பார்கள். உண்டு. இருட்டு பயமில்லை, சுடுகாடு பயமில்லை, எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் எத்தனையோ தடவை தனியாக நடந்திருக்கிறேன். மூஞ்சிக்குப் பூசுகிற ஸ்நோ புட்டியைக் கண்டால் மட்டும் எனக்கு இன்றைக்கும் பயம். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

ஸ்நோ புட்டியை வைத்து ஒரு கதையும் எழுதியிருக்கிறேன். லேபிளில் இருக்கிற அழகி ராத்திரியானால் இறங்கி வந்து, பூசிக்கொள்கிற பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வாள். கடைசியில் ஒரு நல்ல பேய் வந்து புட்டியைப் போட்டு உடைக்கும். அதில் பேய்கள் இரண்டும்தான் என் கற்பனை. மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் விவசாயக் காட்டுக்குள் தனியாக இருந்தது. அப்பா, அம்மா, அக்கா, நான். கடலையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் வெள்ளாமை. கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்பதற்கென்றே அப்பா கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருப்பார். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா படிப்பை விட்டுவிட்டுக் காட்டு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கடலை பறிக்க ஆட்களோடு இறங்கினால் முதல் ஆளாகப் பாத்தியை முடித்துவிட்டு வரப்பில் நின்று மற்றவர்களைக் கேலி செய்வாள். காலையில் அவள் வாசலில் போடுகிற கோலத்தைப் பார்க்கத் தறிக்காரர் வீட்டுப் பெண்கள் அந்த வழியாகவே தண்ணீருக்குப் போவார்கள். இழை ஓரிடத்திலும் தடிக்காது, விட்டும் போகாது. நிறம் மட்டும் மாநிறத்துக்குக் கொஞ்சம் அக்கட்ட, கருப்புப் பக்கம். அதைப் பற்றி அவளுக்கு எந்தக் கவலையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கவலைப்படுகிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தார். மாமாவுக்கு அங்கே லாரி புக்கிங் ஆபீஸ். அவர்களுக்கு ஒரே மகன். அக்கா தொட்டிலில் கிடந்தபோதே இவளுக்கு அவன், அவனுக்கு இவள் என்று பேசி முடித்துவிட்டார்கள். அத்தைக்குத் தாராளமான கை, அதைவிடத் தாராளமான வாய். எதைக் கொடுத்தாலும் ஊருக்குத் தெரிய வேண்டும். அக்கா பெரியவளானபோது சீர் செய்ய வந்தவர், ஏழு கல் வைத்த தங்க மூக்குத்தியைத் தாம்பாளத்தில் வைத்து, சபையில் ஒவ்வொருவர் முன்னாலும் காட்டிக்கொண்டே வந்தார். அம்மா சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்த அத்தை, அக்காவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தித் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு என்னடா இப்படிக் கருத்துப் போயிட்டா? பையன் இப்ப டவுன்ல நாலு பெரிய மனுசங்களோட பழகறவன். நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு அவன் ஒண்ணு சொல்லீரக் கூடாது பாரு."

அப்பா மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பவர் போலக் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை பஸ் ஏறிய பிறகு அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா தூங்காமல் கிடந்தார். தொட்டில் காலத்துப் பேச்சு முறிந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அக்காவின் தோலில் இருக்கிறது என்று எல்லோரும் பேசாமலே ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மாமாவின் லாரி ஒன்று மெயின் ரோட்டில் நின்று, கிளீனர் இறங்கி ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வெள்ளைக் கண்ணாடிப் புட்டி, ரோஜா நிற மூடி. லேபிளில் ஒரு பெண் கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். அத்தை வீட்டுக்கு நாலு கடை தள்ளி இருந்த ஃபேன்சி ஸ்டோர்க்காரர் பின்கட்டில் தானே கலக்கி விற்பதாம். ஆனால் கேட்டால் சிங்கப்பூர் சரக்கு என்பாராம். படுக்கப் போகும்போது பூச வேண்டும், வெயிலில் போகக் கூடாது, இரண்டு மாதத்தில் பொண்ணு எலுமிச்சம்பழம் என்று அத்தை கிளீனரிடம் சொல்லியனுப்பியிருந்தார். கிளீனர் அதை ஒரு எழுத்து விடாமல் ரோட்டில் நின்று சத்தமாக ஒப்பித்ததால் எங்கள் ஊருக்கே மருந்து முறை தெரிந்துவிட்டது.

தாழம்பூ வாசம். அக்கா முதல் நாள் பூசிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குதுடி" என்றாள். ஆனால் பிடிக்காமல் இல்லை. அத்தை மகனை நோம்பிக் கூட்டத்தில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு அவர் அப்போது ஒரு லாரி டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம்.

ஸ்நோ வேலை செய்தது. அதுதான் கொடுமை. வேலை செய்யாமல் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் புட்டி அட்டாலிப் பரணுக்குப் போயிருக்கும். அக்காவின் முகம் வாரத்துக்கு வாரம் வெளுத்தது. தண்ணீருக்குப் போகிற பெண்கள் இப்போது கோலத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வந்தார்கள். அம்மா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனாரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். "என்னதான் சொல்லு, எங்க நங்கைக்கு நம்ம மேல ஒரு அக்கறை இருக்குது" என்றார். அப்பா அதைக் கேட்டு மோட்டாரை நிறுத்திவிட்டே வீட்டுக்குள் வந்தார்.

அக்கா காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நாளில் அவள் குணம் மாறியது. சும்மா சும்மா கோபம் வரும். நான் பென்சில் சீவினால்கூடக் காதைப் பொத்திக்கொள்வாள். ராத்திரி தூங்க மாட்டாள். எதைத் தின்றாலும் செப்புக் குடத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கோலம் போட்டால் இழை நடுங்கி, எறும்பு ஊர்ந்து போன தடம் மாதிரி வாசலில் கிடந்தது. ஒரு நாள் பாதியில் எழுந்து காலாலேயே அழித்துவிட்டு உள்ளே போனாள்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகைகளைக் கிழித்து வைத்திருப்பார்கள். கடலைமிட்டாய் வாங்கினால் அரைப் பேய்க்கதை இலவசம். முடிவு வேறு யாருடைய பொட்டலத்துக்கோ போயிருக்கும், ஆகையால் முடிவை நானே செய்துகொள்வேன். அந்தப் படிப்பை வைத்து, லேபிளில் இருக்கிற பெண் அக்காவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். அக்கா வெளுக்க வெளுக்க லேபிள்காரி கருத்துக்கொண்டே வந்தாள். பிசுக்குக் கை பட்டுப் பட்டுக் கருத்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பதால் அக்கா நடக்கும்போதெல்லாம் கீழே படுத்துப் பாதத்தைப் பார்த்தேன். ஒரு தடவை மூக்கில் மிதி வாங்கினேன். பாதம் பாவியது. இருந்தாலும் நம்பிக்கை போகவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் இந்தக் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொல்லி, என்னோடு நடந்துவந்த பெண்களில் இருவரை அழ வைத்தேன். நான் சொன்ன முதல் பேய்க்கதை அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மூக்குத்தி வெளுத்தது.

முதலில் ஓரத்தில் ஈயம் பூசின மாதிரி ஒரு பொட்டு. பிறகு கற்களைச் சுற்றி முழுக்க வெள்ளை. அக்காவின் வலது கை மோதிரமும் அப்படியே. அம்மா மூக்குத்தியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். வருத்தப்படுகிற தலையாட்டல் இல்லை அது. ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கிடைத்துவிட்ட தலையாட்டல்.

"முலாம்" என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து. "உங்கக்கா வெள்ளியில முலாம் பூசிச் சபையில காட்டிட்டுப் போயிருக்கறாங்க. நான் அன்னைக்கே நினைச்சேன்."

"மோதிரம் நம்ம போட்டதுதான" என்றார் அப்பா.

"அதோட சேந்து சேந்து இதுவுங் கெட்டுப் போச்சு" என்றார் அம்மா. அப்பா எழுந்துகொண்டார். கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வரும். எங்கள் வீட்டில் ஒரு பெண் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பல்லில் ரத்தம், கை நடுக்கம். அதற்கு ஒருத்தரும் பஸ் ஏறவில்லை. மூக்குத்தி வெளுத்த மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் சேலத்துக்குப் போனோம். அக்காவையும் கூட்டிக்கொண்டுதான். அத்தை கொடுத்த ஒன்று கெட்டுப்போனதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும், அத்தை கொடுத்த இன்னொன்று நன்றாக வேலை செய்ததைக் காட்டிச் சம்பந்தத்தை உறுதி செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். அவர் சந்தேகப்பட்ட ஆள் சரியான ஆள்தான், பொருளைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

அத்தை வீட்டுக் கூடத்தில் அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.

"ஏனுங்க நங்கை, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கே தெரியாம யாரோ ஏமாத்தியிருப்பாங்க."

அத்தை மூக்குத்தியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அம்மிணி, என்ற பொறந்தவன் மவளுக்கு நான் முலாம் போட்டுக் குடுப்பனா? இத என்ற ஊட்டுல வந்து சொல்றயா?" என்று ஆரம்பித்தவர், பக்கத்துச் சந்திலிருந்த பத்தரை ஆளனுப்பி வரவழைக்கிறவரை நிறுத்தவில்லை. அந்தப் பத்தர்தான் மூக்குத்தி செய்தவர். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துகொண்டே படியேறி வந்தார். கையோடு கொண்டுவந்த உமி ஓட்டுச் சட்டியில் நெருப்பை ஊதி, மூக்குத்தியின் கற்களை நெம்பி எடுத்துவிட்டு, தங்கத்தை மட்டும் நெருப்பில் காட்டினார். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதினார். அவர் பிழைப்பு அதில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை ஓடிப்போய் மஞ்சள் வந்தது. உரைகல்லில் உரசிக் காட்டினார். சுத்தத் தங்கம்.

"பாதரசம் பட்டிருக்குதுங்க. ரசம் பட்டா தங்கம் இப்படித்தான் வெளுத்துப் போகும்" என்றார் பத்தர். தன் மேல் தப்பில்லை என்றானதும் ரசம் எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. உமி ஓட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மற்றவர்களுக்கும் அக்கறை இல்லை. தங்கம் தங்கம்தான் என்று தெரிந்ததும் அந்தக் கூடத்தில் ஒரு நோம்பி வந்துவிட்டது. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தையும் அழுதார். மாமா ஆபீஸிலிருந்து வந்து, தை மாசத்துல வெச்சுக்கலாம் என்றார். ஆள் ஓடி ஜிலேபி வாங்கி வந்தது. அக்கா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, "ரசம் எங்கிருந்துங்க அத்தை வந்திருக்கும்?" என்று மெல்லக் கேட்டாள். காய்ச்சலுக்கு வைக்கிற கண்ணாடிக் குச்சி எப்போதாவது உடைந்திருக்கும் என்றார் அத்தை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு குச்சியே கிடையாது.

டம்ளர் நிறையக் காப்பி கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார் அத்தை. டவரா இல்லை. அக்கா இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தும் காப்பி விளிம்பு தாண்டிப் பட்டுப் பாவாடையில் கொட்டிற்று. அத்தை மகன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்திருந்தார்.

"பாருங்க, மாப்பிள்ளையக் கண்டதும் கை நடுங்குது" என்றார் அத்தை. "எம் மருமவளுக்கு வெக்கத்தப் பாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டதும் வெட்கம் என்று சேர்த்துக்கொண்டோம். கிளம்பும்போது அத்தை பாசத்தோடு இன்னொரு ஸ்நோ புட்டியைப் பையில் வைத்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் வலது கை விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்நோவை எடுக்கிற விரல். "ரசம் அந்தப் புட்டிக்குள்ளதான் இருக்குதுடி" என்றாள் என் காதில். லேபிள்காரியைப் பற்றி நான் கண்டுபிடித்ததைச் சொல்ல இதுதான் சமயம் என்று நினைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சாவதானமாகக் கேட்டுவிட்டு, "சுனோவுல கெட்டது இருந்தா மூஞ்சி இப்படி வெளுக்குமா சாமி?" என்றார். இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் மறுப்பு கிடையாது. இன்னொரு நாள் கையை நீட்டிக் காட்டினாள். "பாரும்மா, நிறுத்துனா நிக்க மாட்டீங்குது." அம்மா அந்தக் கையில் ஒரு முத்தம் கொடுத்து, "கல்யாணப் பொண்ணு கை அப்படித்தான் இருக்கும். தை வரைக்கும் பொறுத்துக்க. இப்ப விட்டீன்னா மறுக்கா கருத்துப் போயிருவ. அப்புறம் உங்கத்தை என்ன சொல்வாளோ" என்றார். அம்மா கெட்டவர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் நின்றுபோவதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. புட்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை. அப்பா குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்குப் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா ஆசாரக் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்கினார். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாத தூக்கம் அது. எழுந்து முகம் கழுவப் போனவர் புறக்கடைப் பொடக்காலியிலேயே நின்றுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். கழுத்துத் தாலியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். தங்கத் தாலி ஈயமாக வெளுத்திருந்தது.

அம்மா கத்தவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே வந்தார். மஞ்சளை அரைத்துத் தாலியின் மேல் அப்பினார். காய்ந்து உதிர்ந்ததும் வெள்ளை மறுபடி தெரிந்தது. "உங்கப்பன் எப்ப வாரேன்னாரு?" என்று என்னைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். வண்டித் தடத்தைப் பார்த்துக்கொண்டு களத்தில் போய் உட்கார்ந்தார். ஆத்தூர் ரோட்டில் எத்தனை லாரி போகும், எத்தனை பாலம் இருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். சாமி பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மொட்டை வேண்டிக்கொண்டார். மொட்டைகளில் இரண்டு என் தலைக்கு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பேய்க்கதையில் எவ்வளவோ பயத்தை எழுதியிருக்கிறேன், அன்றைக்கு என் அம்மாவின் முகத்தில் இருந்ததை எழுத எனக்கு வரவில்லை.

பொழுது சாய அப்பா வந்தார். தோளில் துண்டு, கையில் ஆத்தூர்ப் பொரிப் பொட்டலம். அவரை முழுசாகக் கண்டதும் அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

"நான் வந்ததுக்கா அழுவுற?" என்றார் அப்பா பாவமாக.

அம்மா தாலியை எடுத்துக் காட்டினார். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூசாரியைக் கூப்பிடலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா ஸ்நோ புட்டியோடு வந்து அதை அவர்கள் நடுவில் வைத்தாள். புதுப் புட்டிதான், முக்கால்வாசி காலி.

"நாந்தாம்மா தடவுனேன். தெனமும் மத்தியானம், நீ தூங்கறப்ப. ரவிக்கைக்குள்ளயே கெடக்கறதால உனக்கு இத்தன நாள் தெரியல. மூஞ்சிக்குப் பூசறதையெல்லாம் உன்ற தாலிக்குத்தான் பூசினேன்."

அம்மா தாலியையும் புட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மூக்குத்தி வெளுத்துச்சுன்னு சேலம் வரைக்கும் போனீங்க. கை நடுங்குதுன்னேன், வெக்கம்னீங்க. தூக்கம் வர்லைன்னேன், கல்யாணக் கனவுன்னீங்க. என்ற மூஞ்சியக் காட்டிப் பாத்தேன், யாரும் பாக்கல. தங்கத்தக் காட்டுனாத்தான் பாப்பீங்கன்னு தெரிஞ்சுது."

அம்மா கையை ஓங்கினார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அவர் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையையும் பிடித்தார், அதுவும் நடுங்கிற்று. பிறகு அக்காவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், பாவாடையைத் தூக்கி வீங்கியிருந்த காலைப் பார்த்தார். மாடு வாங்கும்போது பார்க்கிற பார்வை அது. அவருக்குத் தெரிந்த வைத்தியப் பார்வை அது ஒன்றுதான். பார்த்து முடித்துவிட்டு அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பொரியைத்தான் தின்றோம்.

அப்பா புட்டியை எருக்குழிக்கு அக்கட்ட தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் தானாக ஒரு பூசணிக்கொடி முளைத்து, ஊரிலேயே பெரிய காயாகக் காய்த்தது. நாங்கள் ஒருவரும் தொடவில்லை. கேட்டு வந்தவர்களுக்கும் அம்மா கொடுக்கவில்லை, கொடியோடு பிடுங்கிக் காய வைத்துக் கொளுத்தினார்.

சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். உப்பில்லாமல் பல மாதம் அக்கா சாப்பிட்டாள். அம்மாவும் உப்பைத் தொடவில்லை. தாலியைப் பத்தர் உமி ஓட்டில் காட்டினார், மஞ்சளாகிவிட்டது. கோயிலில் வைத்துப் புதுச் சரட்டில் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். அக்காவின் முகத்துக்கு அப்படி ஒரு உமி ஓடு இல்லை. வெளுப்பு போய், கண்ணைச் சுற்றியும் மேலுதட்டிலும் சிலேட்டு நிறம் வந்து தங்கிவிட்டது.

செய்தி கேட்டு அத்தை துடைப்பத்தோடு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகளெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிற மாதிரி பேசினாராம். கடைக்காரர் கொஞ்ச நாள் கடையைப் பூட்டினார். திறந்தபோது அதே புட்டி, வேறு லேபிள், வேறு அழகி. இந்த அழகி குடை பிடித்திருந்தாள். வாங்கக் கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தை எங்களிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணத்துக்கு அக்காவுக்கு ஒட்டியாணம் செய்து போட்டார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அந்த எடையில்தான் இருந்தது. அதையும் சபையில் எல்லோருக்கும் காட்டினார், ஆனால் இந்த முறை வாய் திறக்கவில்லை.

ஆமாம், கல்யாணம் நடந்தது, தையில் இல்லை, மறுவருடம் வைகாசியில். கல்யாணமான புதிதில் அக்கா தன் வீட்டுக்காரரிடம், நான் முன்னால் இருந்த நிறம் பிடித்ததா, ஸ்நோ போட்டபோது இருந்த நிறம் பிடித்ததா, இப்போது இருப்பது பிடித்ததா என்று கேட்டிருக்கிறாள். அவர் வெகு நேரம் யோசித்தாராம். "எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரிதான இருந்த?" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு முந்தானையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்நோ கதை பத்திரிகையில் வந்த வாரம் அவளைப் பார்க்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். வாசலில் கோலம் போட்டிருந்தது, அக்காவின் மருமகள் போட்டது. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் கதையைப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துப் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"கடைசியில ஒரு பேய் வந்து அந்தப் பொண்ணக் காப்பாத்துற மாதிரி எழுதியிருக்கற" என்றாள்.

"ஆமாக்கா."

"நல்லா இருக்குது. நானும் ரொம்ப நாள் பாத்தேன். நம்மூட்டுக்கு அதுகூட வர்ல."

காப்பி ஆற்றிக்கொண்டுவரலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். இரண்டு டம்ளரை எடுத்து வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். கூடத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"எனக்கு அரை டம்ளர் ஊத்து சாமி. அதுக்கு மேல ஊத்துனா கொட்டீரும்."